காட்டைக் கணக்கில் எழுதியவர்கள்

அணை வேண்டும் என்பவர் முற்போக்கு, மரம் வேண்டும் என்பவர் பிற்போக்கு என்ற பிரிவினை இந்தியாவில் செல்லுபடியாகாது. இங்கே காந்தியர், இடதுசாரி என ஒவ்வொரு அணியும் தனக்குள்ளேயே சண்டை போட்டிருக்கிறது.

காந்தியரில் முதலில் சொல்ல வேண்டியவர் 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். அந்தக் கண் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கத் தீர்வதை நம்பும் பொருளாதாரம் ஒன்று, மரமும் தண்ணீரும் போல மீண்டும் மீண்டும் வருவதை நம்புவது இன்னொன்று என்று பிரித்தார். மூலதனத்தைத் தின்றுவிட்டு வருமானம் என்று எழுதக் கூடாது, அவ்வளவுதான். காந்தியம் என்றால் ராட்டை என்று ஒதுக்குகிறவர்கள் இவரைப் படித்திருக்க மாட்டார்கள்.

அதே மரபில் வந்த, மரவெட்டை எதிர்த்த சிப்கோ இயக்கம் இரண்டானது. 1973இல் இமயமலையின் மண்டல் கிராமத்தார் உழவுக் கருவிக்குக் கேட்டபோது மறுக்கப்பட்ட மரம், அலகாபாத் விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. போராட்டம் அங்கேதான் மூண்டது. பச்சை மரத்தை வெட்டவே கூடாது என்ற நிலைக்குச் சுந்தர்லால் பகுகுணா போனார். காட்டை நம்பிய சிறுதொழில் மலைமக்கள் கையில் இருக்க வேண்டும் என்றார் சண்டி பிரசாத் பட். என் ஓட்டு பட்டுக்குத்தான். மலைக்காரர் மலையிலேயே பிழைக்க வேண்டுமே.

நேருவை எல்லோரும் அணைகளைக் கோயில் என்ற ஒரே பேச்சில் அடைத்துவிடுகிறார்கள். பிரம்மாண்ட மோகம் ஒரு நோய் என்று 1958இல் பாசனப் பொறியாளர்களிடமே அவர் சொன்னதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இடதுசாரிகளுக்குச் சோதனை வந்தது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில். குந்திப்புழையின் குறுக்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டம். ஆளும் அணி, எதிரணி, தொழிற்சங்கம் எல்லாம் ஆதரவு. மலபாருக்கு மின்சாரமும் வேலையும் வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானது, இடதுசாரி அனுதாபிகள் நிறைந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம். சோலைமந்தியைக் காப்பாற்றுங்கள் என்ற முறையீட்டோடு அவர்கள் நிற்கவில்லை. பொறியாளரையும் பொருளியலாளரையும் உயிரியலாளரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திட்டத்தின் வரவுசெலவை ஆராய்ந்தார்கள். இந்த மின்சாரத்துக்கு இந்தக் காட்டை விட்டால் வேறு வழியே இல்லையா என்று மின்வாரியத்தின் மொழியிலேயே வாதாடினார்கள். சொந்தத் தோழர்களே வளர்ச்சியின் எதிரி என்று ஏசினார்கள். கடைசியில் தில்லி திட்டத்தைக் கைவிட்டது. 1984இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.