சாத்தானும் சாத்தனும், காசும் கேஷும்

சாத்தான்குளம் என்று ஊர்ப்பெயரைச் சொன்னதுமே வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். பக்கத்திலேயே பேய்க்குளம் என்று இன்னொரு ஊர் வேறு இருக்கிறது, கேலிக்குக் கேட்கவா வேண்டும்! பதில் எங்க பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். இது பைபிள் சாத்தான் இல்லவே, சாத்தன். ஐயனாருக்கு, சாஸ்தாவுக்கு உள்ள பெயர். ஆள் பெயராகவும் இருந்தது. மணிமேகலை எழுதியவரே சாத்தனார்தான். எகிப்தில் செங்கடல் கரையோரம் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில், சுமார் 1ஆம் நூற்றாண்டுப் பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் 'சாதன்' என்று ஒருவர் பெயர் இருக்கிறது. பைபிள் சாத்தானோ 'எதிராளி' என்று பொருள்படும் எபிரேயச் சொல், கிரேக்கம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715இல். அதற்குப் பதினாறு பதினேழு நூற்றாண்டுக்கு முன்னாலேயே சாத்தன் கப்பலேறிவிட்டான்.

இது நல்ல வாதம். ஒலி ஒன்றுபோல இருந்தாலும் பழைய வடிவம் என்ன, எந்தக் காலத்துச் சான்று, எந்த வழியாக வந்தது என்று கேட்கிற வாதம். ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை ஆராய்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

ஆனால் இதே ஆட்கள்தான் மறுநாள் வாட்ஸ்அப்பில் 'ஆங்கிலத்துக்குத் தமிழே தாய்' என்று ஒரு பட்டியலை அனுப்புகிறார்கள். காசு, கேஷ். ஒன்று, ஒன். எட்டு, எய்ட். நம்மைக் கேலி செய்யும் ஒலி ஒற்றுமைக்குச் சான்று கேட்கிறோம். நமக்குப் பெருமை தரும் ஒலி ஒற்றுமைக்கு ஒன்றுமே கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். ஆங்கிலேயர் இன்று 'வன்' என்று சொல்லும் எண்ணுப்பெயர் ஆயிரம் ஆண்டுக்கு முன் 'ஆன்'. முன்னால் உள்ள வகர ஒலி சுமார் 15ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டியது. அதே சொல்லிலிருந்து கிளைத்த 'ஓன்லி', 'அலோன்' இரண்டிலும் அந்த வகரம் இல்லாததே சாட்சி. எய்ட்டின் பழைய வடிவில் நடுவே ஒரு 'ஹ்' ஒலி இருந்தது. ஸ்பெல்லிங்கில் ஊமையாக நிற்கும் ஜி, எச் இரண்டும் அதன் மிச்சம். லத்தீன் 'ஆக்டோ' அதன் உறவு. நம்முடைய எட்டோ எண் என்ற அடியிலிருந்து வந்தது: எண்பது, எண்ணூறு. கன்னடத்தில் இன்றும் 'எண்ட்டு'. பின்னோக்கிப் போகப்போக இரண்டும் விலகித்தான் போகின்றன. உறவு என்றால் நெருங்கி வர வேண்டாமா?

கேஷ் கதை இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. ரொக்கம் என்கிற கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்திலும் முதலில் அதற்குப் பெட்டி என்ற பொருள் இருந்தது. இன்னொரு கேஷ் நம்ம காசேதான், போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போனது. சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த செப்புக்காசில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றே இருக்கும். உண்மையிலேயே நம்மிடமிருந்து போன சொல்லை விட்டுவிட்டு, போகாத சொல்லுக்கு உரிமை கொண்டாடிக்கிட்டு இருக்கோம்.

இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் பெரிய படிப்பாளிகளும் இருக்கிறார்கள். சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த தேவநேயப் பாவாணர் தமிழுக்குள் வேர்ச்சொல் பார்த்த விதம், சொற்களைக் கொத்துக் கொத்தாக அடுக்கிக் காட்டிய விதம், யாரையும் மலைக்க வைக்கும். தமிழுக்கு வெளியே கால் வைத்ததும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. மற்ற மொழிச் சொல்லின் இன்றைய வடிவமே போதும் என்று ஆகிவிடுகிறது.

எங்களுக்குப் பக்கத்து இடையன்குடியில் உட்கார்ந்து 1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் இதில் சுத்தம் இல்லை. (1849இல் அவர் நாடார்களைப் பற்றி எழுதியதன் மேல் எங்க பக்கம் உள்ள கோபம் நியாயமானது, அது தனிக் கதை.) திராவிட மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வேற்றுமை உருபு, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர் என்று வரிசையாகப் போகிறார், அது நிற்கிறது. அதே புத்தகத்தில் சித்திய, செமித்திய, ஐரோப்பிய மொழிகளோடு சொல் உறவு காட்டும் பட்டியல்கள் நிற்கவில்லை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒலி ஒற்றுமையின் கவர்ச்சி அப்படி.

ஆங்கிலத்துக்கு இதிலிருந்து காவல், ஆண்டு குறித்த மேற்கோள். 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் தொடங்கிய பேச்சு, 1884இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் முதல் பகுதியாகி, 1928இல் முடிந்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் புத்தகம் படித்து, வரியையும் ஆண்டையும் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அதனால்தான் 'டாடி' என்ற சொல்லின் பயணத்தை இன்று பார்க்க முடிகிறது. 17ஆம் நூற்றாண்டில் பனங்கள். வட இந்தியத் 'தாடி'யிலிருந்து வந்தது. அடுத்த நூற்றாண்டில் அதுவே விஸ்கியும் வெந்நீரும் சர்க்கரையும் கலந்த பானம். பனையைப் பார்த்தே இராத ஸ்காட்லாந்துக்காரனுக்குக் குளிருக்கு இதம்!

நம்மிடம் 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையும் நெல்லைக்காரர். நூல் பெயர் சொல்லும், திருநெல்வேலி வழக்கு என்று குறியும் போடும், ஆண்டு சொல்லாது. எப்படிச் சொல்லும்? நூல்களுக்கே காலம் முடிவாகவில்லை. காலத்தைப் பிந்தித் தள்ளுகிறார் என்று வையாபுரிப் பிள்ளை வாங்கிய வசை கொஞ்சமா? விளைவு என்னவென்றால், நாற்றம் என்பது பழந்தமிழில் நறுமணமும்தான் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எந்த நூற்றாண்டில் அது மூக்கைப் பொத்த வைத்தது என்று அகராதியைத் திறந்து பார்க்க முடியாது. ஆங்கில 'ஸ்டிங்க்' இதே பாதையில் வந்த சொல். நல்ல வாசனைக்கும் பொதுவாக இருந்து நாறிப்போனது. அங்கே மேற்கோள்களை வரிசையாகப் படித்தாலே மாற்றம் தெரிந்துவிடும்.

ஆண்டு நமக்குக் கிடைக்காத பொருளும் இல்லை. கோயில் கல்வெட்டுகளில் மிகப் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டு இருக்கிறது. அவற்றின் சொற்களைத் தொகுத்த அகராதியும் சாந்தி சாதனா வெளியீடாக வந்துவிட்டது. அதற்குப் பிந்திய காலத்துக்குக் கிரயப் பத்திரங்கள், பாகப்பிரிவினை ஓலைகள். தாய்மொழிப் பட்டியலுக்குச் செலவாகிற உழைப்பில் கால்பங்கு போதும். எங்க தேரிக்காட்டு ஊர்ப்பெயர்களில் பாதிக்கு வால் 'விளை'. தோட்டத்துக்கும் தோப்புக்கும் இருந்த அந்தச் சொல் எந்த ஆண்டுப் பத்திரத்தில் முதன்முதலாக ஓர் ஊராகிறது? அங்கிருந்து தொடங்கலாம்.