மேசையில் முடிந்துவிடும் பாதுகாப்பு

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரு பாதுகாப்பு விதி மாறினால் செலவை அணியும் ஸ்பான்சரும் பார்த்துக்கொள்வார்கள். கிளப் ரேஸில் மாறினால் பில் ஓட்டுபவரின் வீட்டுக்கே வரும். வாரமெல்லாம் கடையோ கம்பெனியோ பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காசில் டயர் வாங்கி ஓட்டுகிறவர் அவர். அதனால் அமெச்சூர் கார் பந்தயத்தில் வரும் ஒவ்வொரு விதி மாற்றத்தையும் இரண்டு கேள்வி கேட்டுத்தான் எடைபோட வேண்டும். இது எந்த விபத்தைத் தடுக்கும்? இதற்குக் காசு கொடுப்பது யார்?

இந்தக் கேள்விகளோடு கடந்த எழுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் ஒரு பழக்கம் தெரிகிறது. ஹெல்மெட்டின் ஸ்டிக்கர், பெல்ட்டின் தேதி, உடையின் முத்திரை என்று பந்தயத்துக்கு முன் நடக்கும் ஸ்க்ரூட்டினி சோதனையின் மேசையில் வைத்துச் சரிபார்க்க முடிகிற விதிகள் மளமளவென்று வளர்கின்றன. டிராக்கில் ஒருவர் எப்படி ஓட்டுகிறார், கொடி காட்டினால் மதிக்கிறாரா, பக்கத்துக் காரை இடித்தால் என்ன ஆகும் என்ற விதிகள் அந்த வேகத்தில் வளர்வதில்லை. இந்த இடைவெளிதான் கிளப் பந்தயத்தின் இன்றைய சிக்கல்.

இருங்காட்டுக்கோட்டையில் அந்த ஞாயிறு

2023 ஜனவரி 8. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். தேசிய கார் பந்தய சாம்பியன்ஷிப்பின் இரண்டாவது சுற்றில் சலூன் கார்களின் ஓட்டம். 59 வயதான கே.இ. குமாரின் கார் இன்னொரு காருடன் உரசி, டிராக்கை விட்டு விலகி, வேலியில் மோதிக் கூரை தரையில் படக் கவிழ்ந்தது. உடனே சிவப்புக் கொடி காட்டி ஓட்டம் நிறுத்தப்பட்டது. மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அன்றைய மற்ற ஓட்டங்கள் ரத்து செய்யப்பட்டன, விசாரணையும் தொடங்கியது.

குமார் புதுமுகம் இல்லை. பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆயுள் உறுப்பினர். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, அதே டிராக்கில், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தான். ஒருவர் அனுபவத்தின் உச்சியில் இருந்தவர், இன்னொருவன் அப்போதுதான் தொடங்கியவன். எட்டு மாதத்துக்குள் இரண்டு மரணம்.

இதற்கு முன் ஸ்பெயினில் 2021 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றில் 15 வயது டீன் பெர்டா வின்யாலெஸ் இறந்தபோது, உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு சில வாரங்களில் வயது வரம்பை உயர்த்தப்போவதாக அறிவித்தது. 2023 முதல் உலக கிராண்ட்ப்ரீ பந்தயங்களுக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வயது 18. அந்த முடிவில் குறை சொல்ல இடமிருக்கலாம். ஆனால் எந்த மரணத்துக்குப் பின் எந்த விதி வந்தது என்று ஊருக்கே தெரிந்தது.

ஓடுதளத்தில் பிறந்த விளையாட்டு

சென்னையில் கிளப் ரேஸ் வளர்ந்தது சோழவரத்தில். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் தன் பந்தயங்களை நடத்தியது. நிரந்தர டிராக் 1990இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் வந்தது, சுற்றளவு 3.717 கிலோமீட்டர்.

உலகெங்கும் நடந்த கதைதான் இது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம். அமெரிக்காவில் 1944இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா முதலில் ஊர்ச் சாலைகளிலேயே கார் ஓட்டியது. 1952இல் வாட்கின்ஸ் கிளென் என்ற சிற்றூரில் கார் ஒன்று கூட்டத்தில் புகுந்து ஏழு வயதுச் சிறுவன் இறந்தான். சாலைப் பந்தயத்துக்கு எதிர்ப்பு கிளம்பியதும், விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே தன் தளங்களைத் திறந்துவிட, பந்தயம் ஓடுதளங்களுக்குப் போனது. கூட்டத்தையும் காரையும் பிரித்து வைத்ததுதான் அந்தக் காலத்தின் பெரிய பாதுகாப்பு விதி. அதற்கு ஓட்டுநர் ஒரு காசும் தரவில்லை.

ஓட்டுநரின் உடலுக்கான பாதுகாப்பு அடுத்த கட்டம். 1956இல் கலிபோர்னியாவின் ஆர்கேட்டா விமான நிலையத்தில் நடந்த அமெச்சூர் பந்தயத்தில் பீட் ஸ்னெல் என்பவரின் கார் கவிழ்ந்தது. தலையில் ஹெல்மெட் இருந்தும் அது காப்பாற்றவில்லை. மறு ஆண்டே நண்பர்கள் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஹெல்மெட்டுகளை ஆய்வகத்தில் அடித்துப் பார்த்துத் தரம் குறிக்க ஆரம்பித்தார்கள். இன்று பல கிளப் ரேஸ்களின் ஸ்க்ரூட்டினியில் தேடுகிற ஸ்னெல் ஸ்டிக்கர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநரின் சாவில் பிறந்தது.

பைக் ஹெல்மெட்டோடு கார் ரேஸுக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது வீண் கெடுபிடி என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. காரணம் இருக்கிறது. கார் பந்தய ஹெல்மெட்டைத் தீயில் சோதிக்கிறார்கள். காருக்குள் இருக்கும் இரும்புக் கூண்டில் தலை மோதினால் தாங்குமா என்று தனியாக அடித்துப் பார்க்கிறார்கள். பைக் ஹெல்மெட்டுக்கு இந்த இரண்டு சோதனையும் கிடையாது.

பதினோரு ஆண்டுத் தாமதம்

விலை எப்படி விதியைத் தள்ளிப்போடும் என்பதற்கு ஹான்ஸ் நல்ல உதாரணம். பெட்டிக்கடை ஹான்ஸ் இல்லை. கழுத்தைக் காக்கும் கருவி. நேருக்கு நேர் மோதும்போது பெல்ட் மார்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். அந்த இழுப்பில் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து உயிர் போகும். தோளில் உட்காரும் ஒரு நுகத்தோடு ஹெல்மெட்டை வாரால் இணைத்து அந்தப் பாய்ச்சலைத் தடுப்பதுதான் ஹான்ஸ்.

1981இல் பிரெஞ்சு ஓட்டுநர் பாட்ரிக் ஜாக்மார் அமெரிக்காவில் மிட்-ஒஹையோ டிராக்கில் இப்படித்தான் இறந்தார். அவருடைய நண்பர், ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநர் ஜிம் டவுனிங், தன் உறவினரான பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டோடு சேர்ந்து இதை உருவாக்கினார். பத்து ஆண்டுக்கு மேல் பெரிய ஓட்டுநர்கள் சீண்டவில்லை, தொந்தரவு என்றார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனாவில் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகே நாஸ்கார் பந்தய அமைப்பு அதே ஆண்டு கழுத்துப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன்னில் 2003. ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா தன் அமெச்சூர் பந்தயங்களில் கட்டாயமாக்கியது 2012இல்.

தொழில்முறை ஓட்டுநருக்கும் கிளப் ஓட்டுநருக்கும் நடுவே பதினோரு ஆண்டு. கழுத்தெலும்பு இருவருக்கும் ஒன்றுதான். காசு கொடுக்கிறவர்தான் வேறு. போட்டிக் கம்பெனிகள் வந்து விலை இறங்கியதும் விதி வந்தது. இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. வாங்க முடியாத பொருளைக் கட்டாயமாக்கினால் பாதிப் பேர் பந்தயத்தையே விட்டுவிடுவார்கள் என்று கிளப்கள் பயந்தது நியாயமான பயம்.

அரைகுறையாகச் செய்வது இன்னும் ஆபத்து. ஹான்ஸ் வேலை செய்ய இரு தோளையும் அழுத்தும் பந்தய பெல்ட் வேண்டும். சாதாரணக் கார் பெல்ட்டோடு பயனில்லை. பந்தய பெல்ட் கட்டினால் ரோல் கேஜ் என்ற அந்த இரும்புக் கூண்டு வேண்டும். இல்லாவிட்டால் கார் கவிழ்ந்து கூரை நசுங்கும்போது உடம்பைச் சாய்க்கக்கூட வழியிருக்காது. ரோல் கேஜ் வைத்தால் தலையில் ஹெல்மெட் கட்டாயம். வெறுந்தலை அந்தக் குழாயில் மோதினால் கூண்டே எமன். இவற்றில் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு பாதுகாப்பாகிவிட்டோம் என்று நினைப்பவர், ஒன்றும் மாட்டாதவரைவிடத் துணிந்து ஓட்டுவார்.

தேதி விவகாரம் தனிப் புலம்பல். சர்வதேச முத்திரை பெற்ற பந்தய பெல்ட்டுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. பழைய தர முத்திரை உள்ள சீட்டுக்கும் அவ்வளவே. வாரா வாரம் ஓட்டும் அணிக்கும், வருடத்துக்கு நான்கு வார இறுதி ஓட்டுபவருக்கும் ஒரே கணக்கு. பெல்ட் பார்க்கப் புதுசு போலிருக்கும்போது தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? ஆனால் வெயிலில் நார் நைந்து பலம் குறைவதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விதி இருக்கட்டும். கிளப்கள் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு வாடகைக்கோ தவணைக்கோ தரலாமே.

காசு கேட்காத விதிகள்

இனிதான் நான் சொல்ல வருவது. பாதுகாப்பைப் பெருமளவு உயர்த்தும் சில விதிகளுக்கு ஓட்டுநர் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை.

முதலாவது, இடிக்கு இடமில்லை என்ற விதி. அமெரிக்காவில் பழைய கார் பந்தய கிளப்கள் பலவற்றில் '13/13' என்றொரு ஏற்பாடு உண்டு. இன்னொரு காரை இடித்தால் அந்த வார இறுதியோடு வெளியே. அடுத்த பதின்மூன்று மாதம் கண்காணிப்பு. அதற்குள் மறுபடி இடித்தால் பதின்மூன்று மாதத் தடை. விலை மதிப்பற்ற பழைய கார்களைக் காக்க வந்த விதி அது. காத்தது கூடவே உயிர்களையும். நம் சலூன் பந்தயங்களில் கதவோடு கதவு உரசுவதற்குக் கூட்டம் விசில் அடிக்கிறது. அதைப் பந்தயத்தின் ருசி என்று கொண்டாடுகிறவரைக்கும் எத்தனை ஸ்டிக்கர் ஒட்டியும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, கொடி. மஞ்சள் கொடி கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய விதி. எவ்வளவு என்பதை ஓட்டுநரின் மனச்சாட்சிக்கு விட்டதுதான் ஓட்டை. 2014 அக்டோபரில் ஜப்பானின் சுசூகாவில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜூல் பியாங்கி மீட்பு வாகனத்தில் மோதினார். மறு ஆண்டு ஜூலையில் இறந்தார். இரட்டை மஞ்சள் கொடியில் அவர் போதிய அளவு வேகம் குறைக்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அதன் விளைவாக 2015இல் 'விர்ச்சுவல் சேஃப்டி கார்' என்ற வேகக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு எலக்ட்ரானிக்ஸ் வேண்டும். ஆனால் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் புழங்கும் 'கோட் 60'க்கு வேண்டியது ஒரு கொடி மட்டுமே. அது காட்டப்பட்டால் எல்லா காரும் மணிக்கு 60 கிலோமீட்டர், முந்தக் கூடாது. சலூன் கார் ஓட்டும் கிளப் ரேஸருக்கு இதைக் கடைப்பிடிக்க எதிரிலுள்ள ஸ்பீடோமீட்டரே போதும்.

மூன்றாவது, மார்ஷல்கள். வெயிலில் நாள் முழுக்க வளைவில் நின்று கொடி அசைப்பவர்கள் பெரும்பாலும் ஆர்வத்தால் வருகிறவர்கள். அவர்களுக்குத் தரும் ஒரு நாள் கூடுதல் பயிற்சி எந்த இறக்குமதிக் கருவிக்கும் குறைந்ததில்லை.

விதி அமைப்பாளரையும் கட்டுப்படுத்த வேண்டும். 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது, மழையால் சர்வதேச கார் பந்தயக் கூட்டமைப்பின் சான்றிதழ் தாமதமானது; அது வரும்வரை ஓட்டங்கள் காத்திருந்தன. அரசே பின்னால் நின்றும் காத்திருந்தன. கிளப் வார இறுதிகளுக்கும் வெளி ஆள் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் பச்சை விளக்கு எரியக் கூடாது.

புதுச்சேரிக்கு இதில் என்ன?

புதுச்சேரியின் வைத்திக்குப்பத்தில் ரேஸ் டிராக் கிடையாது. திண்டிவனம், ஒரகடம் வழியாக இருங்காட்டுக்கோட்டை போக மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்தில்தான் இருக்கிறது. டிராக் கட்டணமும் உபகரணச் செலவும் கைக்கு எட்டாமல் போனால் வேக ஆசை அங்கேதான் இறங்கும். அங்கே மார்ஷல் இல்லை, ஆம்புலன்ஸ் காத்திருப்பதில்லை, எதிரே பஸ்ஸும் ஆடும் சைக்கிளும் வரும். ஆகவே கிளப் ரேஸை விலையேற்றி மூடுவதும் பாதுகாப்பு ஆகாது.

விதியைத் திணித்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் இருசக்கர வாகனத்துக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தானே சாலையில் இறங்கி வண்டிகளை நிறுத்தினார். முதலில் விழிப்புணர்வு, பிறகு அபராதம் என்றார் அன்றைய முதலமைச்சர் நாராயணசாமி. ஹெல்மெட்டை ரோட்டில் போட்டு உடைத்த போராட்டமும் நடந்தது. ஹெல்மெட் நல்லதா என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இருந்திருக்காது. யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதில்தான் சண்டை. கிளப் ரேஸிலும் அப்படியே. ஏன் இந்த விதி என்று விளங்கினால் ஓட்டுநர் செலவழிப்பார். விளங்காவிட்டால் ஸ்க்ரூட்டினி மேசையில் மட்டும் மாட்டிக் காட்டுவார்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் காசு கேட்காத விதிகள்: இடித்தால் வெளியே, கொடியை மீறினால் தடை. அடுத்து அமைப்பாளர் சுமக்க வேண்டியவை: தடுப்பு, மார்ஷல், வெளி ஆய்வு. கடைசியாக ஓட்டுநரின் பையில் கைவைப்பவை. அதுவும் இரண்டு ஆண்டு முன்னறிவிப்போடு. இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக, டிராக்கில் ஒரு உயிர் போனால் என்ன நடந்தது, எதை மாற்றினோம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்க அறிக்கையைத் தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு பொதுவில் வைக்க வேண்டும். அடுத்த சீசனுக்கு லைசென்ஸ் எடுக்கும் ஒவ்வொருவரும் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதத்துக்கு ஆகும் செலவு ஒரு செட் டயரின் விலைகூட இல்லை.