ஐதீகத்தில் இடம்பெறாதோர்

திரியாய்க் குன்றின் பாறைச் சாசனம், அங்குள்ள சைத்தியத்தை எடுப்பித்த வணிகர் கணங்களின் பெயர்களைக் கூறுகின்றது. கல் சுமந்தோரின் பெயர்களை அதிற் காணமுடியாது. அங்கிருந்து தெற்கே திருகோணமலைச் சுவாமிமலைக்குச் செல்வோரும் இத்தகைய தெரிவொன்றையே காண்பர். காதலன் கைவிட்டுக் கப்பலேறியதும், 1687இல் கடலிற் பாய்ந்து மாண்டதாகக் கூறப்படும் ஒல்லாந்தப் பெண் பிரான்சினா வான் ரீடின் நினைவாக அங்கே தூண் நாட்டப்பட்டது. அவள் பின்னர் மறுமணஞ் செய்து வாழ்ந்தாள் என ஒல்லாந்தர் ஆவணங்களை ஆய்ந்தோர் காட்டியுள்ளனர். எனினும் ஐதீகம் அழியவில்லை.

அதே ஒல்லாந்தராட்சி 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையில், அடிமைகள் சீதனமாகக் கொடுக்கத்தக்க உடைமைகளாக இடம்பெற்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேயாகும். அகால மரணமுற்றோர் ஆவியாக அலைவர் என்பது நம் நாட்டார் நம்பிக்கை. அவ்வாறாயின், உடைமையாகவே வாழ்ந்து மாண்டோருக்கு இக்கோட்டைப் பாறையில் ஒரு கதைதானும் வழங்காதது ஏன்?

ஐதீகமும் வர்க்கச் சார்புடையது என்பதே இதன் விடை. எவரது துயரம் கதையாதற்குத் தகுதியுடையது என்பதை உடைமையுறவே தீர்மானித்துள்ளது. ஆகவே நாட்டார் வழக்காற்றை ஆராய்வோர், வழங்கும் கதைகளைத் தொகுப்பதுடன் அமையாது, அவற்றைச் சட்ட ஏடுகளுக்கு அருகில் வைத்து நோக்குதல் வேண்டும்.