மூச்சுக்குத் திறக்கும் கதவு

மனச்சாந்தியும் இன்று விற்பனைப் பண்டமாகிவிட்டது. 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘த ஜேர்னி டு வைல்ட் டிவைன்’ என்னும் கணினி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஆடுபவர் மூன்று விரல்களில் உணரிகளை மாட்டிக்கொள்ள வேண்டும். நாடித்துடிப்பையும் தோலின் வியர்வை மாற்றத்தையும் அவை கணினிக்கு அறிவிக்கும். மூச்சுச் சீரானால் திரையிலே கதவு திறக்கும், பதறினால் திறவாது. வெல்லத் துடிப்பவனே தோற்கிறான்! போட்டியே வாழ்வாகிவிட்ட ஒரு சமுதாயத்தில் இத்தகைய விளையாட்டுத் தோன்றியதை நாம் வரவேற்கவே செய்கிறோம். தன் உடலின் போக்கைத் தானே கண்டு அடக்கியாளும் அறிவு எல்லோருக்கும் உரியது.

ஆயினும், மனிதன் ஏன் பதறினான் என்று அவ்விளையாட்டுக் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்குத் தப்ப முடியாது. போர்க்காலத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தோரும் மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை என மக்கள் அறிந்த வழிகளிலேயே மனத்தை ஆற்றப் பயிற்றினர். உணரியுமில்லை, திரையுமில்லை, காசும் வேண்டியதில்லை. அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. போர் மக்கள் மனத்தை எவ்வாறு சிதைத்தது என்பதை 1998இல் ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்ற ஆங்கில நூலாகவும் எழுதிவைத்தார். ஆற்றுவதும் காரணத்தைச் சொல்வதும் அவருக்கு ஒரே பணி.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களிற் சில இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. முட்கம்பி வேலியின் முன்னே நிற்கும் தாயின் நெஞ்சு படபடப்பது நோயா? அவளுக்கும் இரவில் உறக்கம் வேண்டும். மூச்சுப் பயிற்சி அதைத் தரட்டும். காணியைத் தரவேண்டியவர் வேறு.