விண்ணப்பத்தின் நடை

தொண்டு அமைப்புகள் எழுதும் நிதி விண்ணப்பத்தையும் ஓர் உரைநடை வகையாகக் கொண்டு திறனாயலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவைக் கடந்த கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவும், தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் பணித்தது. அதுமுதல், சிற்றூர்ச் சங்கங்கள் பலவும் கம்பெனிகளின் அறக்கட்டளைகளுக்கு இவ்வகை எழுத்தை எழுதத் தொடங்கின.

'தேவை' என்னும் பகுதியில்தான் நடை கெடுகிறது. மாலைப் பள்ளிக்கு வரும் சிறுமி அங்கே வெறும் 'பயனாளி'. அவளுடைய தெரு 'பின்தங்கிய பகுதி'. அத்தெருவார் தாமே கூரை வேய்ந்ததும், வீட்டுக்கொரு நாளென முறைவைத்துப் பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்ததும் ஏட்டில் ஏறுவதில்லை. வலிமையைச் சொன்னால் நிதி குறையுமோ என்னும் அச்சம்! வறுமையைப் பெருக்கிச் சொல்வது உயர்வு நவிற்சியன்று, பொய்.

வரவுசெலவுப் பக்கம் இதனினும் நேர்மையானது. கரும்பலகை, ஆசிரியையின் மதிப்பூதியம், மின்கட்டணம் என எண்கள் அடைமொழியின்றி நிற்கின்றன. ஆயினும் அங்கும் ஒரு கூச்சம் உண்டு: கணக்கரின் ஊதியத்தை 'இதர செலவு' என்று ஒளித்துவைக்கிறார்கள். நிதி தருவோர் தவறாது கேட்பதோ தணிக்கை செய்த கணக்கு. கணக்கெழுத ஆளில்லாமல் அது எங்கிருந்து வரும்?