கன்னத்து நீலக் கோடுகள்

ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசம் ஒன்றை முன்னால் வைத்தால் ஸ்டார் வார்ஸ் கவசம் கட்டும் நம் ஆட்கள் முதலில் பார்ப்பது பற்களை. ஆறு பல் திறந்திருந்தால் ஸ்டண்ட் வகை, எட்டு என்றால் ஹீரோ வகை. என் கண் போவது கன்னத்துக்கு. 1977ஆம் ஆண்டு படத்தில் அங்குள்ள குழாய்களின்மேல் நெருக்கமாக இழுத்திருக்கும் நீலக் கோடுகள் அத்தனையும் கைவேலை. ஒரு தலையில் உள்ள எண்ணிக்கை இன்னொன்றில் இருக்காது. ஒரு கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும், அடுத்தது லேசாகச் சாயும். படப்பிடிப்புக்கு நேரமாகிவிட்ட யாரோ ஒருவரின் தூரிகை அதில் அப்படியே நிற்கிறது.

அந்த அவசரம் கவசம் முழுக்க உண்டு. ரால்ஃப் மெக்குவாரி ஓவியமாகத் தீட்டியதற்கு பிரையன் முயர் களிமண்ணில் உடல் கொடுத்தார். 1976இல் லண்டன் ட்விக்கன்ஹாமில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி, அச்சின்மேல் படியவைத்துத் தலைக்கவசங்களை எடுத்தார். ஸ்டண்ட் தலைகள் பாலியெத்திலீன். அதில் வண்ணம் ஒட்டாது என்பதால் வெள்ளை உரிந்து உள்நிறம் தெரியும். முகம் ஒருபக்கம் கோணல். முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தை மறைக்கும் காதுகளைத் தலைக்குத் தலை வெட்டித்தான் பொருத்த வேண்டும். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2011இல் இந்தத் தலைக்கவசம் சிற்பம் ஆகாது, படத்துக்கான ஒரு பொருள்தான் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் அது சரியாக இருக்கலாம். அந்தக் கோணல் முகத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு அது சிற்பம்தான்.

1983 படத்தில் தூரிகைக்குப் பதிலாக ஸ்டிக்கர் வந்துவிட்டது. அதுதான் சுத்தம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. 2015 படத்துக்கு மைக்கேல் கப்லான் வடிவமைத்த புதுக் கவசத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் உண்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எங்கும் ஒரு மனிதக் கை தட்டுப்படுவதில்லை.

ஜொகூரில் இப்போது புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையால் தலையை எடுக்கிறார்கள். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, இரு கன்னமும் கண்ணாடிபோல் ஒத்துவரும்வரை தேய்க்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கினாலே இளகும். நம் ஊர் மதிய வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டில் வைத்தால் வடிவம் போய்விடும். பழைய முறையில் அச்சின்மேல் படியவைக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகடு 100 டிகிரியைத் தாண்டித்தான் இளகும். வெயிலில் கிடந்தால் மஞ்சளாகும், அவ்வளவே. அந்த மஞ்சளும் பழைய கவசங்களுக்கு உரிய நிறம்தானே.

2014இல் இஸ்கந்தர் புத்ரி லெகோலேண்டில் ஸ்டார் வார்ஸ் மினிலேண்ட் திறந்த காலத்தில் இங்கே ஆர்வம் பொங்கியது. கிட் வாங்கியவர்கள் விளிம்பைத் தாங்களே வெட்டினார்கள், மூட்டுக்குப் பட்டை ஒட்டி, இ6000 பசை இறுகும்வரை கிளிப் போட்டுக் காத்திருந்தார்கள். இப்போது ஆயத்தக் கவசம் பெட்டியில் வந்து இறங்குகிறது. கோட்டுக்குக்கூட வெட்டிவைத்த ஸ்டென்சில். 1997இல் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய 501ஆம் படையணி என்ற ரசிகர் அமைப்பில் சேர்வதற்குப் புகைப்படம் அனுப்பும்போது பட்டையின் அகலம்வரை விசாரிக்கிறார்கள். கோடு இழுத்த கை யாருடையது என்றும் ஒருநாள் கேட்டால் மகிழ்வேன்.

எனக்குக் கோடு போடக் கற்றுத்தந்தவர் ஸ்கூடாயில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ஓர் அண்ணன். கணினி ஸ்டிக்கர் வந்து அவர் தொழிலையும் தின்றுவிட்டது. படமே பார்த்ததில்லை அவர். தலைக்கவசத்தின் புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இவன் மேலேர்ந்து கீழே இழுத்துருக்கான் தம்பி, பாதியில பெயிண்ட் தீர்ந்துபோச்சு” என்றார். அன்றிலிருந்து நானும் மேலிருந்துதான் இழுக்கிறேன். ஹம்ப்ரால் 14 நீலம், நீண்ட முடித் தூரிகை, ஒரு கோட்டுக்கு ஒரே இழுப்பு. தவறினால் ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் உடனே துடைக்கலாம். லாக்கர் தின்னர் பக்கம் போகாதீர்கள், ஏபிஎஸ் கரைந்துவிடும். இரு கன்னமும் அச்சடித்ததுபோல் ஒத்துவந்துவிட்டால் ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபடி இழுங்கள்.