ரேடியோ நெல்லும் கைப்பேசி மழையும்

தஞ்சைத் தரணியில் வயது முதிர்ந்த உழவர்களிடம் 'ரேடியோ நெல்' என்று சொல்லிப் பாருங்கள். எந்த நெல் என்று உடனே கூறிவிடுவார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் வெளிவந்த ஏ.டி.டி. 27 என்னும் குறுவை ரகத்துக்கு மக்களே சூட்டிய பெயர் அது. ஜப்பானிய இனத்தையும் நம் நாட்டு இனத்தையும் கலந்து உருவாக்கிய அந்த நெல்லின் பெருமையை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவை திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள். ஒரு செய்திச் சாதனத்தின் பெயரை ஒரு பயிர் தாங்கி நின்றது விந்தை அல்லவா?

இன்று அந்த இடத்தில் கைப்பேசி இருக்கிறது. 1995 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இணையம், இருபது ஆண்டுகளுக்குள் வரப்பு வரை வந்துவிட்டது. மேட்டூர் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்பதை, ஒரத்தநாட்டில் மண்வெட்டியோடு நிற்கும் தந்தைக்கு முன்பே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அறிந்துகொள்கிறான். இது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் 'இணையத்தால் உழவன் எல்லாம் அறிந்தவன் ஆகிவிட்டான்' என்று மேடைகளில் முழங்குகிறார்களே, அதை மட்டும் சற்று உரசிப் பார்ப்போம். உரைகல்லாக மழையை எடுத்துக்கொள்வோம்.

தை மாதம். சம்பா முற்றிச் சாய்ந்து நிற்கிறது. அறுவடை இயந்திரத்தை இன்று அழைப்பதா, இரண்டு நாள் பொறுப்பதா? கைப்பேசியில் ஊர்ப் பெயருக்கு நேராக 'மழை 60%' என்று காட்டுகிறது. இதன் பொருள் என்ன? என் வகுப்பில் கேட்டால், 'ஊரில் 60 சதவீத இடத்தில் பெய்யும்' என்பார் ஒருவர். 'பலமான மழை' என்பார் மற்றொருவர். இரண்டும் அல்ல. இதே போன்ற வானிலை அமையும் பத்து நாட்களில், ஏறத்தாழ ஆறு நாட்கள் அங்கு மழை பெய்யும் என்பதே பொருள். தூறலா, கொட்டித் தீர்க்குமா என்பது அந்த எண்ணில் இல்லவே இல்லை. உழவருக்கு வேண்டியதோ அதுதான். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், அரசு தளர்வு அளித்தாலன்றிக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். தூறல் என்றால் ஒரு நாள் வெயிலில் கிண்டிக் காயவைத்துவிடலாம். கனமழை என்றால் களத்திலேயே முளைவிடும்.

அந்த ஊர்ப் பெயரும் ஒரு மயக்கமே. வானிலையைக் கணிக்கும் கணிப்பொறிகள் பூமியைச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. உலகளாவிய கணிப்புகளில் ஒரு சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 10 கி.மீ.; நம் வானிலைத் துறை 2025 மே மாதத்தில் அறிமுகப்படுத்திய முறையில் 6 கி.மீ. சதுரம் சிறிதானது நல்ல முன்னேற்றம்தான். ஆயினும் 6 கி.மீ. சதுரத்தின் பரப்பு 36 சதுர கி.மீ.; அதற்குள் எத்தனை ஊர்கள்! வெண்ணாற்றின் இக்கரையில் பெய்து அக்கரையில் பெய்யாத மழையை நாம் பார்த்ததில்லையா?

காரைக்காலில் உள்ள ராடார் தரும் படம் இதைவிட மேல் என்பேன். இணையம் டெல்டாவுக்குத் தந்த மிகச் சிறந்த பொருள் அதுவே என்பது என் கருத்து. அது கணிப்பு அன்று, அப்போதைய அளவீடு. அதையும் படிக்கத் தெரிய வேண்டும். காரைக்காலிலிருந்து தஞ்சை ஏறத்தாழ 75 கி.மீ. அரைப் பாகை சாய்வில் புறப்படும் கற்றை, பூமியின் வளைவும் சேர்ந்துகொள்ள, தஞ்சைக்கு மேலே ஏறத்தாழ 1 கி.மீ. உயரத்தில் செல்லும். அங்கிருந்து விழும் துளி தரை தொட இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதற்குள் காற்று அதை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடலாம்.

இவற்றையெல்லாம் அந்தச் சிறு திரை சொல்வதில்லை. வானொலியில் பேசியவருக்கு ஒரு பெயர் இருந்தது; தவறினால் கடிதம் எழுதிக் கேட்கலாம். 60% என்பதற்கு யாரிடம் கேட்பது? இணையத்துக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு மனிதர் நின்ற ஏற்பாடும் இருந்திருக்கிறது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணிப்பொறியைத் தொட்டே இராத மீனவருக்கும் அச்செய்தி போய்ச் சேர்ந்தது. இன்றைய செயலிகளில் நான் தேடிக் காணாதது அந்த ஒலிபெருக்கிக்காரரைத்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. கைப்பேசிக் கோபுரங்களும் ஊமையாயின. மத்திய அலை வானொலிக்கு ஒரே கோபுரம் பல மாவட்டங்களுக்குப் போதும். கைப்பேசிக்குச் சில கி.மீ.க்கு ஒன்று வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் வேண்டும். பாட்டரியில் பாடும் டிரான்சிஸ்டர் அன்று எத்தனை வீடுகளில் இருந்தது?

மாணவ நண்பர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஐப்பசி முதல் தை வரை, காலையில் கைப்பேசி காட்டும் சதவீதத்தை ஒரு பத்தியிலும், மறுநாள் காலை வரை உங்கள் ஊரில் பெய்த மழையை மற்றொன்றிலும் குறித்து வாருங்கள். பக்கங்கள் செங்குத்தாக உள்ள டப்பாவும் அளவுகோலும் போதும். '60%' என்றிருந்த நாட்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் எத்தனை நாள் பெய்தது என்று எண்ணுங்கள். ஒரு பருவக் கணக்கு போதாது. மூன்று பருவமாவது வேண்டும்.